ஐந்து மீட்டர், ஆயிரத்தில் ஒரு நொடி

என் கொழுந்தன் வேலை மாற்றலாகி ஊரைவிட்டுப் போனபோது எங்கள் வீட்டில் இரண்டு பொருள்களை விட்டுவிட்டுப் போனான். ஒன்று, கால் ஆடும் நாற்காலி. இன்னொன்று, ஒரு கேமரா. இரண்டும் ரிப்பேர் என்பதால்தான் விட்டுவிட்டுப் போகிறான் என்று எனக்கு அப்போதே தெரியும். உருப்படியான எதையும் அவன் இதுவரை யாருக்கும் கொடுத்ததில்லை.

நாற்காலியை என் கணவர் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டார். அவர் லிஃப்ட் மெக்கானிக்; ஆடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கேமரா மட்டும் அவர் கைக்கு மசியவில்லை. அதன் தலையில் இருக்கும் சக்கரம் 'எம்' என்ற எழுத்தில் போய் மாட்டிக்கொண்டு நகர மாட்டேன் என்றது. 'எம்' என்றால் மேனுவல். வெளிச்சம் எவ்வளவு, வேகம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் நாமேதான் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குத் தானாக எதுவும் யோசிக்கத் தெரியாது.

"இதுக்கு மூளை போயிடுச்சு. கண்ணு மட்டும் நல்லாருக்கு," என்று மேசையில் வைத்தார்.

"கண்ணு போதும். மூளை என்கிட்ட இருக்கு," என்றேன்.

"அப்ப ரெண்டும் சேர்ந்து ஒரு ஆள் ஆயிடும்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பதில் சொல்வதற்குள் கதவைச் சாத்திக்கொள்வது அவர் வழக்கம்.

நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேனே தவிர, அந்தக் கேமரா எனக்கு உண்மையிலேயே வேண்டியிருந்தது. காரணம் என் மகள். பதின்மூன்று வயது. வீட்டில் அவளுக்குத் தவளை என்று பெயர், தண்ணீரைக் கண்டால் குதிப்பாள் என்பதால். அவள் உயரத்திலிருந்து தலைகீழாகக் குதிக்கும் டைவிங் பழகுகிறாள். மூன்று மீட்டர் பலகையிலிருந்து குதித்தவரை தண்ணீரே தெறிக்காமல் ஊசி மாதிரி உள்ளே போவாள். மூன்று மாதத்துக்கு முன் அவளை ஐந்து மீட்டர் மேடைக்கு ஏற்றினார்கள். அன்றிலிருந்து உடம்பு இடதுபக்கம் முறுக்கிக்கொண்டு விழ ஆரம்பித்தது. தண்ணீர் தெறித்துக் கரைவரைக்கும் வருகிறது.

ஏன் முறுக்குகிறது என்று யாருக்கும் பிடிபடவில்லை. பயிற்சி கொடுக்கிற பெண்ணை, கழுத்தில் எப்போதும் விசில் தொங்குவதால், எல்லோரும் விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டிக்காரி. அவளே கையை விரித்துவிட்டாள். "ஒரு நொடியில முடிஞ்சிடுதுக்கா. நான் தோளைப் பார்க்கறதா, முட்டியைப் பார்க்கறதா? ஃபோன்ல வீடியோ எடுத்தா ஒரே இழுவையா இருக்கு, ஆள் யாருன்னே தெரியல," என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு, அணிக்கு ஆள் எடுக்கிறார்கள். ஆறு பெண்களில் நான்கு பேர். தேறாதவர்கள் திரும்ப மூன்று மீட்டருக்கு இறங்க வேண்டும். தவளை அதை நினைத்துச் சரியாகச் சாப்பிடுவதுகூட இல்லை. "கீழ இறக்கிட்டாங்கன்னா நான் திரும்ப ஏற மாட்டேன்மா. விட்டுடுவேன்," என்று சாதாரணமாகச் சொன்னாள். அவள் சாதாரணமாகச் சொன்னால் நிஜமாகவே செய்துவிடுவாள்.

அவள் குதிக்கும் அந்த ஒரு நொடியை நிறுத்தி எடுத்துக் காட்ட வேண்டும். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது. எலும்பை எடுத்துக் காட்டுவது என் பிழைப்பு. பெற்ற பிள்ளையை எடுக்க முடியாதா என்று ஒரு ரோஷம்.

ஆமாம், நான் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்திரண்டு வருஷமாக ஒரே அறை, ஒரே வசனம். "மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. ம், விடுங்க." கதிர் என் மேல் படக் கூடாது என்பதால், நோயாளியைப் படுக்கவைத்துவிட்டு நான் ஈயக் கண்ணாடி வைத்த தடுப்புக்குப் பின்னால் ஓடிப்போய் நின்றுதான் பட்டனை அழுத்துவேன். படம் வந்ததும் எங்கே உடைந்திருக்கிறது என்று எனக்குப் பளிச்சென்று தெரிந்துவிடும். ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. "என்னம்மா தெரியுது?" என்று கேட்காத நோயாளியே கிடையாது. "ரிப்போர்ட்ல டாக்டர் சொல்லுவாரு," என்று முகத்தைச் சுவர் மாதிரி வைத்துக்கொண்டு சொல்வேன். அந்த முகம் வர எனக்கு இரண்டு வருஷம் பிடித்தது. வந்தபிறகு போகவே இல்லை.

இந்த அனுபவமெல்லாம் கேமராவுக்கு ஒத்தாசையாக இருக்கும் என்று நினைத்தேன். முதல் நாளே அது என் காலை வாரிவிட்டது.

சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கணவரைத்தான் முதலில் எடுத்தேன். படம் வெள்ளைவெளேரென்று வந்தது. ஓ, வெளிச்சம் பத்தவில்லை என்று கூட்டினேன். இன்னும் வெளுத்தது. இன்னும் கூட்டினேன். கணவர் மறைந்தே போனார். ஒரு காதும் குழாயும் மட்டும் மிச்சம்.

"என்னை எங்க காணோம்?" என்று ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் இருங்க. இன்னும் கொஞ்சம் கூட்டிப் பார்க்கறேன்."

"வெள்ளையடிச்சு வெச்சிருக்கே. இன்னும் ஏன் கூட்டறே?"

அப்போதுதான் உறைத்தது. நான் வேலை கற்றுக்கொண்டது ஃபிலிம் காலத்தில். எக்ஸ்ரே ஃபிலிமில் கதிர் அதிகமானால் படம் கறுக்கும், குறைந்தால் வெளுக்கும். வெளுத்துப்போய் வந்தால் கூட்டி எடு என்று முதல் மாதமே எனக்குள் இறக்கியிருந்தார்கள். கேமராவில் அப்படியே தலைகீழ். என் கை இருபத்திரண்டு வருஷப் பழக்கத்தில் தப்பான பக்கமே திருகிக்கொண்டிருந்தது. உலகத்தில் வேறு யார் கேமரா பழகினாலும் இந்தத் தப்பைச் செய்ய மாட்டார்கள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்திரியில் ஒரு துண்டு கிழித்து, 'வெள்ளையா? குறை. கறுப்பா? கூட்டு' என்று எழுதிக் கேமராவின் முதுகில் ஒட்டினேன்.

அதன்பிறகு பாருங்கள், விறுவிறுவென்று போயிற்று. திருகுவதற்கு மொத்தம் மூன்றே விஷயம். லென்ஸின் துவாரம் எவ்வளவு திறந்திருக்கிறது, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்து மூடுகிறது, ஐ.எஸ்.ஓ. என்று ஒன்று, கேமரா வெளிச்சத்துக்கு எவ்வளவு சீக்கிரம் மசிகிறது என்பது. துவாரத்துக்கு எண் சின்னதாக ஆக ஆக ஓட்டை பெரிதாகும். யார் வைத்த கணக்கோ, அவரை ஒருநாள் பார்த்தால் கேட்க வேண்டும். மற்றபடி ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டிச் சரிக்கட்ட வேண்டும், அவ்வளவுதான்.

அட, இது எனக்குத் தெரிந்த கணக்கு! கைக்குழந்தைக்கு நெஞ்சுப் படம் எடுக்கும்போது நான் செய்வது இதேதான். அதனிடம் மூச்சைப் பிடி என்றால் பிடிக்குமா? அழுது துள்ளும். அதனால் நேரத்தைச் சுருக்கி, கதிரின் பலத்தைக் கூட்டிவிடுவேன். அது அசைவதற்குள் படம் முடிந்துவிடும். தவளையும் அப்படித்தான். நேரத்தைச் சுருக்கு, துவாரத்தை விரி, ஐ.எஸ்.ஓ.வை ஏற்று. சமையலறையில் நின்றபடியே, "எனக்குப் புரிஞ்சுபோச்சு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் நாய் குரைத்தது.

மறுநாள் மத்தியானம் ஜன்னலோரம் மேசை விசிறியைச் சுழலவிட்டு எடுத்தேன். முப்பதில் ஒரு நொடி வைத்தால் விசிறி வெறும் புகையாக வந்தது. இருநூற்றைம்பதில் ஒன்றுக்குச் சிறகுகள் தெரிந்தன, ஓரம் மட்டும் இழுத்துக்கொண்டு. ஆயிரத்தில் ஒரு நொடி வைத்தேன். விசிறி நின்றது. சுழன்றுகொண்டிருக்கிற விசிறி, படத்தில் அப்படியே நின்றது. மூன்று சிறகும் தனித்தனியாக, அதில் படிந்த அழுக்கு முதற்கொண்டு. நான் ஒரு குதி குதித்தேன். கணவரை இழுத்துவந்து காட்டினேன்.

"விசிறியைத் துடைக்கலைன்னு வாயால சொன்னா போதாதா? போட்டோ எடுத்துக் காட்டணுமா?" என்றார்.

அன்று வீட்டில் நின்ற பொருளே கிடையாது. உருளைக்கிழங்கை வாளித் தண்ணீரில் போடச் சொல்லி எடுத்தேன். அவர் போட்டுப்போட்டுக் கை சலித்துப்போனார். தண்ணீர் கிரீடம் மாதிரி எழும்பி நிற்கும் படம் ஒன்று முப்பதாவது தடவையில் கிடைத்தது. அதை ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் காட்டினேன். "என்ன மேடம், உருளைக்கிழங்குக்கு ஃபிராக்சரா?" என்று கேட்டார்கள். கேட்கட்டும். எனக்கு அந்த வாரம் கால் தரையில் பாவவில்லை.

புதன்கிழமை மத்தியானம் எனக்கு ஓய்வு. கேமராவை மாட்டிக்கொண்டு நீச்சல் அரங்குக்குப் போனேன். குளோரின் நெடியும் எதிரொலியுமாகப் பெரிய மண்டபம். மேலே வரிசையாகக் கண்ணாடி ஜன்னல்கள். குளத்தின் ஒரு கோடியில் டைவிங் மேடை. அதற்கு இடதுபுறமாகக் கரையோரம் வெள்ளை ஓடு பதித்த தூண்கள். மூன்றாவது தூண்தான் என் இடம். மூன்று மாதமாக நான் அங்கேதான் நிற்கிறேன். ஒளிப்பானேன், அவள் மேடை நுனிக்கு வந்துவிட்டால் எனக்குப் பார்க்கத் தைரியம் வராது. தூணுக்குப் பின்னால் போய்விடுவேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டு, அவள் தலை மேலே வந்துவிட்டது என்று தெரிந்தபின்தான் வெளியே வருவேன். மூன்று மீட்டருக்கு இப்படியெல்லாம் இல்லை. ஐந்து மீட்டர் என்பது ஒன்றரை மாடி உயரம்.

"ஃப்ளாஷ் மட்டும் வேண்டாம்கா, பிள்ளைங்களுக்குக் கண்ணு கூசும்," என்றாள் விசில்.

"ஃப்ளாஷே வேணாம். எனக்கு ஆயிரத்துல ஒண்ணு போதும்," என்றேன், என்னவோ பிறந்ததிலிருந்தே கேமராவோடு இருந்தவள் மாதிரி.

தவளை ஏழு தடவை குதித்தாள். நான் முப்பத்தொரு படம் எடுத்தேன். மாலையில் மூன்று பேரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். பத்தொன்பது படத்தில் தூண் இருந்தது. தூண் மட்டும்தான் இருந்தது. மிச்சத்தில் பாதி, வெயில் உள்ளே விழுந்த நேரத்தில் என் கை பழையபடி தப்பான பக்கம் திருகியதால் வெளுத்துப் போயிருந்தது. மீதியில் தவளையின் கால், அல்லது தவளை போனபின் தண்ணீர்.

"தூண் ரொம்ப தெளிவா வந்திருக்கும்மா. ஒவ்வொரு ஓடும் தெரியுது," என்றாள் தவளை. சிரிக்கத்தான் செய்தாள். ஆனால் தட்டில் சோறு அப்படியே இருந்தது.

எனக்கு அவமானமாக இருந்தது. நடந்தது என்னவென்று யோசிக்க யோசிக்கத்தான் தெரிந்தது. கண்ணைக் கேமராவில் வைத்துச் சரியாகக் குறிபார்ப்பேன். விரல் பட்டனை அழுத்தப் போகும் நேரத்தில் கால் தன்னால் ஓரடி பின்னால் போகும், தடுப்புக்குப் பின்னால். பட்டனை அழுத்துவது என்றால் ஒளிந்துகொள்வது என்றுதான் என் உடம்புக்குத் தெரியும். அதோடு பயமும் சேர்ந்துகொண்டால் கேட்கவா வேண்டும்?

"எக்ஸ்ரே எடுக்கப் போனியா, பிள்ளையைப் படம் எடுக்கப் போனியா?" என்றார் கணவர். கேலியாகத்தான் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நிக்கறதாலதானே கால் போகுது. உட்கார்ந்துடு," என்றார்.

லிஃப்ட் மெக்கானிக்கின் மூளை அப்படித்தான் வேலை செய்யும். ஆடுவதைப் பேசித் திருத்த மாட்டார், முட்டுக்கொடுத்து நிறுத்துவார். எனக்கு அந்த யோசனை பிடித்துப்போயிற்று.

சனிக்கிழமை காலை, தேர்வுக்கு முந்தைய நாள், கடைசிப் பயிற்சி. தூணைத் தாண்டிப் போய், குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து, கால் இரண்டையும் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டேன். புடவை முழங்கால்வரை நனைந்தது. இனி எங்கே ஓடுவது? என் லென்ஸில் கிட்டே இழுக்கும் வசதி கிடையாது. பக்கத்தில் வேண்டுமென்றால் பக்கத்தில் போக வேண்டும். போயாகிவிட்டது. மேடையை நிமிர்ந்து பார்த்தேன்.

வெறும் மேடையை ஒரு படம் எடுத்துப் பார்த்து வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டேன். ஆயிரத்தில் ஒரு நொடி. துவாரம் இரண்டு புள்ளி எட்டு. ஐ.எஸ்.ஓ. ஆயிரத்து அறுநூறு. மேடையின் நுனியில் குவியத்தை நிறுத்தினேன். தவளை நுனிக்கு வந்து நின்றாள். கையை உயர்த்தினாள். என் இடுப்பு பின்னால் நகரப் பார்த்தது, நகர இடமில்லை.

மூச்சை நல்லா இழுங்க. பிடிங்க. அசையாதீங்க. எனக்கே சொல்லிக்கொண்டேன்.

அவள் எழும்பினாள். நான் அழுத்தினேன். சட்சட்சட்டென்று மூன்று. பிறகு தண்ணீர் என் முகத்தில் அடித்தது. கேமராவைக் குழந்தையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன்.

அங்கே என் மகள் காற்றில் நின்றிருந்தாள்.

நின்றிருந்தாள்! விரல் நுனி, நீச்சல் உடையின் தையல், கணுக்காலிலிருந்து கழன்ற இரண்டு நீர்த்துளி, எல்லாம் அசையாமல். மூன்று மாதமாகத் தூணுக்குப் பின்னாலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்த அந்த ஒரு நொடிக்குள் இவ்வளவு அழகு இருந்திருக்கிறது. யாரையாவது பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாததால் என் முழங்காலையே இரண்டு அடி அடித்தேன்.

அதன்பிறகுதான் எக்ஸ்ரே கண் விழித்தது. படத்தை எடுத்தது பக்கவாட்டிலிருந்து. உடம்பும் பக்கவாட்டில்தான் தெரிந்தது: ஒரு தோள், ஒரு இடுப்பு, ஒரு முட்டி. ஆனால் முகம்? முகம் முழுசாகத் தெரிந்தது. இரண்டு கண்ணும், இரண்டு காதும். எங்கள் வேலையில் இப்படி ஒரு படம் வந்தால், நோயாளி தலையைத் திருப்பிவிட்டார், திரும்ப எடு என்போம். பெரிதாக்கிப் பார்த்தேன். கண் இரண்டும் நேராக லென்ஸுக்குள் பார்த்தன. அடுத்த படத்தைப் பார்த்தேன்; தலை திரும்பிய பக்கம் தோள் போயிருந்தது. அதற்கடுத்த படத்தில் தோள் போன பக்கம் இடுப்பு.

ரகசியம் அவ்வளவுதான். மேடையை விட்டு எழும்பும் நேரத்தில் அவள் இடதுபக்கம் திரும்பி யாரையோ பார்க்கிறாள். இடதுபக்கம், மூன்றாவது தூணில், யார் நிற்பார்கள்?

தவளை நீந்தி வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா தெரியுது?"

"கோச் வந்து சொல்லு—"

பாதிவரை வந்துவிட்டது. முகம்கூடச் சுவராகிவிட்டது, எனக்கே தெரிந்தது. எனக்கு என் மேலேயே கோபம் வந்தது. இது யார், படுக்கையில் கிடக்கும் ஊர்பேர் தெரியாத நோயாளியா?

"நீ என்னைப் பார்க்கறேடி," என்றேன். "எழும்பும்போது தலையைத் திருப்பி என்னைப் பார்க்கறே. அதான் முறுக்குது. இதோ பாரு."

அவள் பார்த்தாள்.

"நீ இருக்கியான்னு பார்ப்பேன்," என்றாள். "மூணு மீட்டர்ல எப்பவும் வெளியில நின்னு கை தட்டுவே. இங்க ஏறினதுலேர்ந்து நான் நுனிக்கு வந்தாலே தூணுக்குப் பின்னாடி போயிடறே. அம்மாவே ஒளிஞ்சுக்கறாங்கன்னா, அப்ப நிஜமாவே ஏதோ ஆகப்போகுதுன்னு தோணும். திரும்பிடும்." மூக்கை உறிஞ்சினாள். "இன்னிக்குத்தான் நீ இருந்தே. பார்த்ததும் எனக்கே ஷாக்."

பயம்தான், ஒத்துக்கொண்டேன். "எனக்குப் பயமா இருந்துச்சுடி. உன்னைவிட எனக்குத்தான் அதிகம். இப்பவும் இருக்கு. ஆனா இப்ப ஒரு வேலை இருக்கு கையில," என்று கேமராவைக் காட்டினேன்.

விசில் ஓடி வந்தாள். படத்தைப் பார்த்துவிட்டு நெற்றியில் அடித்துக்கொண்டாள். "கழுத்து! நான் மூணு மாசமா முட்டியைப் பார்த்துட்டு இருக்கேன்! ஆனா அக்கா, பழக்கம் ஒரே நாள்ல போகாது. நாளைக்கும் இவ உங்களைத் தேடுவா."

"தேடட்டும். நான் எங்க நின்னா இவ தலை நேரா இருக்கும்?" என்று கேட்டேன்.

விசில் மேடையைப் பார்த்தாள், திரும்பிக் குளத்தின் அந்தக் கோடியைப் பார்த்தாள். மேடைக்கு நேர் எதிரே, தூணே இல்லாத வெறும் சுவர். அவள் கையை நீட்டுவதற்குள் நான் எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மண்டபம் நிறையப் பெற்றோர்கள். எல்லோரும் மேல்மாடத்து நாற்காலிகளில். நான் மட்டும் எதிர்க்கோடியில் தன்னந்தனியாக, கழுத்தில் பிளாஸ்திரி ஒட்டிய கேமராவோடு. கணவர் மேலேயிருந்து இரண்டு கையையும் ஆட்டி, உட்காரு உட்காரு என்று சைகை காட்டிக்கொண்டிருந்தார். நான் உட்காரவில்லை. இன்றைக்கு நின்றே எடுப்பது என்று வைராக்கியம்.

ஆளுக்கு இரண்டு முறை. முதல் முறை தவளையின் தலை ஒரு துளி திரும்பியது. பாதியில் என்னை எதிரே கண்டுபிடித்து நேராகிவிட்டது. தண்ணீர் தெறித்தது, ஆனால் பழைய அளவு இல்லை. மூன்று நடுவர்களும் நடுத்தரமான மதிப்பெண் போட்டார்கள். அவளுக்கு மேலே நான்கு பேர். அடுத்தது நன்றாக இருந்தால்தான் உண்டு.

இரண்டாவது சுற்று தொடங்கியதும் வெளியே மேகம் மூடியது. ஜன்னல்கள் மங்கின. தவளைக்கு முன்னால் குதித்த பெண்ணை ஒன்று எடுத்துப் பார்த்தேன். கறுப்பு. கை பழைய பக்கம் போகப் பார்த்தது. பிளாஸ்திரியைப் பார்த்தேன். கறுப்பா? கூட்டு. ஷட்டரைத் தொட முடியாது, தொட்டால் இழுத்துக்கொள்ளும். துவாரத்தை ஏற்கெனவே முழுசாக விரித்தாகிவிட்டது. மிச்சம் ஒன்றுதான். ஐ.எஸ்.ஓ.வை மூவாயிரத்து இருநூறுக்கு ஏற்றினேன். இவ்வளவையும் யோசித்து முடிக்க எனக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை. போன வாரம் உருளைக்கிழங்கு எடுத்தவளா இவள் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

தவளை நுனிக்கு வந்தாள். கையை உயர்த்தினாள். என் கால் பின்னால் போகவில்லை. கேமராவைச் சற்று இறக்கி, என் முகம் தெரியும்படி ஒரு தடவை தலையாட்டினேன். பிறகு கண்ணை வைத்தேன்.

அவள் எழும்பினாள். நான் அழுத்தினேன்.

சத்தமே இல்லை. தண்ணீர் ஒரு வாய் திறந்து மூடியது மாதிரி இருந்தது. கரையில் ஒரு சொட்டுக்கூட விழவில்லை. மண்டபம் ஒரு கணம் கழித்துத்தான் கை தட்டியது.

திரையைப் பார்த்தேன். தூரத்தில் சின்னதாக விழுந்திருந்ததைப் பெரிதாக்கினேன். முகம் எனக்கு நேராக, தோள் இரண்டும் ஒரே மட்டத்தில், இடுப்பு மட்டமாக, கால் இரண்டும் ஒட்டிக்கொண்டு. கண் இரண்டும் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. நான் அங்கேதான் இருந்தேன்.

தவளை மேலே வந்தவள் நடுவர்கள் பக்கம் திரும்பவே இல்லை. குளத்தின் முழு நீளத்தையும் நீந்தி நேராக என்னிடம் வந்தாள். விளிம்பைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, முகத்தில் முடி ஒட்டியிருக்க, நிமிர்ந்து பார்த்தாள். நடுவர்கள் இன்னும் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

"என்னம்மா தெரியுது?"

எத்தனை ஆயிரம் பேர் என்னிடம் இதைக் கேட்டிருப்பார்கள்! அதில் எத்தனை பேருக்கு, அவர்கள் கேட்கத் தவித்த அந்த இரண்டு வார்த்தையை, தெரிந்தும் சொல்லாமல் அனுப்பியிருப்பேன்! ஈரத் தரையில் முட்டிபோட்டு, கேமராவை அவள் முகத்துக்கு நேரே திருப்பிப் பிடித்து, மண்டபமே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"ஒண்ணும் இல்லடி! உனக்கு ஒண்ணுமே இல்ல! தலையிலேர்ந்து கால்வரைக்கும் ஒரே கோடு!"

அரைமணி நேரம் கழித்து விசில் ஒரு காகிதத்தைப் பார்த்து நான்கு பெயர் வாசித்தாள். மூன்றாவது பெயர் எங்கள் தவளையுடையது. மேலேயிருந்து கணவர் படியில் தடுக்கிக்கொண்டு ஓடிவந்து, "செலக்ட் ஆயிட்டாளாம்!" என்று எனக்குச் சொன்னார். அது எனக்கு எப்போதோ தெரியும். ரிப்போர்ட் கொடுத்ததே நான்தான்.